பத்தொன்பதுக்கு இருபது

மூன்றாவது செட்.
பத்தொன்பதுக்கு இருபது.
வலைக்கு ஒரு முழம் மேலே
பூப்பந்து நின்றுவிட்டது.
நம் பையன் மட்டையை ஓங்கியபடி
ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில்.
அவன் நெற்றியின் மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது
வெள்ளை வளையம்.

ஜெலுத்தோங், பதினோராவது மாடி, இரவு ஒன்பதரை.
எங்கள் கூரைக்கு மேல்
தியோ குடும்பம் ஒரே குரலில் அலறியது.
சந்தோஷமா, சாபமா?
சிமெண்டைத் தாண்டி வந்ததில்
ஓசை மட்டும்தான் மிச்சம்.

'ஃபோனைக் கவுத்து வை. யாரும் சொல்லிடக்கூடாது'
என்றாள் தவமலர்.
கவிழ்ந்து கிடந்தும் அது மேசையில் அதிர்ந்து அதிர்ந்து
நகர்ந்தது.

முதல் சந்தேகம் என்மேல்.
நாசி கண்டார் குழம்பை
மைக்ரோவேவில் வைத்திருந்தேன்.
நிறுத்தினேன். வளையம் நிற்கவில்லை.
குழம்பும் சூடாகவில்லை.

பிளக்கைப் பிடுங்கி முப்பது எண்ணச் சொன்னாள்.
இருபத்திரண்டில் அவசரப்பட்டேன்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வைத்தாள்.

உதவி மையத்தை அழைத்தேன்.
மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, சீனத்துக்கு மூன்று.
நான்கை அழுத்திப் பார்த்தேன்.
மலாய்க்கு ஒன்று, என்று
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அவள் அதற்குள் சுற்றிலும் உள்ள வைஃபைகளை
வரிசையாகத் திறந்துவிட்டாள்.
தியோ. காக் நோராய்னி.
'பாஸ்வேர்ட் கேட்காதே' என்றொருவர்.
'கடன் எப்ப தருவே ரமணா' என்று இன்னொருவர்
(எந்த வீடு என்று எனக்குத் தெரியும்).
போன வருஷம் தவறிப்போன
பக்கத்து வீட்டு அல்போன்ஸின் பெயரும்
பூட்டுக் குறியோடு, மூன்று கோடு பலத்தில்.

எல்லோரும் ஆறாவது சேனலில் நெருக்கிக்கொண்டு,
தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிக்கட்டு மாதிரி.
எங்களை மட்டும் பதினொன்றுக்கு மாற்றினாள்.
பூப்பந்து அரை அங்குலம் இறங்கி
யோசித்து
நின்றது.

பிறகு அவள் கைபேசியை நீட்டிக்கொண்டு
கிணறு வெட்ட இடம் பார்ப்பவளைப் போல
வீடு முழுக்க நடந்தாள்.
வாசலில் நான்கு கோடு. குளியலறையில்கூட மூன்று.
சோபாவில் ஒன்று.
நடுவில் இருப்பது
மீன்தொட்டி.

மைத்துனன் ரூபகாந்தன் சிங்கப்பூர் போகும்போது
'ரெண்டு வாரம் மாமா' என்று விட்டுப்போன அரோவானா.
மூன்று வருஷம் ஆகிறது.
வயர் கண்ணில் படக்கூடாதென்று
ரௌட்டரை அதன் பின்னால் ஒளித்தவன் நான்.
ஞாயிறு தோறும் வீடியோவில் வந்து
'மீனைக் காட்டுங்க' என்பான்.
காட்டுவோம்.
அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போகும்.
சிங்கப்பூர் லைன் சரியில்லை என்று
அவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.
அலையைக் குடித்தது
இருநூறு லிட்டர் தண்ணீர்.

மூட்டுவலியோடு நாற்காலி மேல் ஏறி
ரௌட்டரைச் செருப்பு அலமாரியின் உச்சியில் வைத்தேன்.
அழகாக இல்லை. வயர் தொங்குகிறது.
பச்சை விளக்கு ஒவ்வொன்றாகக் கண் திறந்தது.

விட்ட இடத்திலிருந்து தொடரலாமா
என்று கேட்டது டிவி.
ஊரே பார்த்து முடித்து
பல் தேய்த்துப் படுத்துவிட்ட நேரம்.
தவமலர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
தொடரலாம் என்றோம்.

ஒரு மணி நேரமாகத் தொங்கிய பந்து
இறங்கியது.
கோட்டுக்கு வெளியே, ஒரு விரல் அகலம்.
இவ்வளவு துல்லியமாக
நாங்கள் எதையும் பார்த்ததில்லை.
இறகு இறகாகத் தெரிந்தது.
பையன் உதட்டைக் கடித்தது,
தாடையிலிருந்து சொட்டிய வியர்வை,
எல்லாம்.

'படம் நல்லா வருதுல்ல' என்றாள்
கொஞ்ச நேரம் கழித்து.

விளக்கை அணைத்தபோது கவனித்தேன்.
தொட்டியின் பின்மூலையில்,
மூன்று வருஷமாகப் பச்சை சிமிட்டிய இடத்தில்
முகத்தை வைத்துக்கொண்டு
அரோவானா அசையாமல் நின்றது.
வளையம் மட்டும்தான் இல்லை.